சாவி கொடுத்த மணிக்கூடு

1990களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் நம் பள்ளியின் ஆரம்பப் பிரிவில் படித்தவர்கள், ஆண்டு மூன்று வகுப்பறையின் மூலையில் நின்ற மர அலுமாரியை மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்துக்கு ரீச்சர் அதைத் திறப்பார். உள்ளே முப்பது புத்தகங்கள்கூட இராது. அவற்றுள் மேலட்டை கழன்றுபோன ஒன்றுக்கு நாங்கள் வைத்த பெயர் 'நாய்க்குட்டிப் புத்தகம்'. மாஸ்கோவில் தமிழில் அச்சாகி, கப்பலேறி வந்தது. கொப்பிக்கே தாள் கிடைக்காத அந்தக் காலத்தில், அதன் வழவழப்பான பக்கங்களைத் தொடுமுன் கையைச் சட்டையில் துடைத்துக்கொள்வோம்.

ஒரு பையனுக்கு அப்பா நாய்க்குட்டி கொண்டுவருகிறார். அவ்வளவுதான் கதை. ஆனால் முதல் இரவுப் படம் இரண்டு பக்கங்களை நிறைத்திருக்கும். அறை முழுவதும் கருநீலம். கதவுக்கு அடியில் மட்டும் மஞ்சள் கோடாக வெளிச்சம். பெட்டிக்குள் குட்டி வாயைத் திறந்து அழுகிறது. பையன் வெறுங்காலுடன், ஒரு மணிக்கூட்டைத் துணியில் சுற்றி எடுத்து வருகிறான். அந்த இரு பக்கங்களிலும் ஒரு சொல்கூட இல்லை.

ரீச்சர் அங்கே நிறுத்துவார். "ஏன் மணிக்கூடு, சொல்லுங்கள் பார்ப்போம்?" எங்களுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்கச் சொன்னார். வாங்கு வாங்காக நாங்கள் தலை சாய்த்துக் கேட்டோம். "தாயோடு ஒட்டிப் படுத்த குட்டி. இந்தச் சத்தம் கேட்டுத்தான் அதற்கு நித்திரை வரும்" என்றார். எத்தனையோ பாடங்கள் படித்துவிட்டேன். இப்படி உடம்பில் இறங்கிய பாடம் வேறில்லை.

1992 மாரியில் அப்பா சித்தி வீட்டிலிருந்து ஒரு குட்டியைக் கடகத்தில் வைத்து, சைக்கிளில் கொண்டுவந்தார். செம்மண் நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு. இரவானதும் அழத் தொடங்கியது. மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணம் அது. பற்றரியும் அரசின் பொருளாதாரத் தடைப் பட்டியலில் இருந்ததால் சுவர் மணிக்கூடு நின்றுபோய், அப்பப்பாவின் சாவி கொடுக்கும் மணிக்கூடுதான் வீட்டில் ஓடியது. ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் அதை எடுத்து அம்மாவின் பழைய சேலையில் சுற்றிக் குட்டியின் பக்கத்தில் வைத்தேன். அழுகை நிற்கவில்லை, குறைந்தது. சாக்கை விரித்து நானும் பக்கத்தில் படுத்தேன். விடியும்போது அதன் மூக்கு மணிக்கூட்டில் ஒட்டியிருந்தது, முன்கால் ஒன்று என் கையில் கிடந்தது. வீமன் என்று பெயர் வைத்தோம்.

1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்கு அஞ்சி யாழ்ப்பாணத்தை விட்டு நாம் எல்லோரும் நடந்த அந்த நடையைப் பற்றி இந்தப் பழைய மாணவர் மலரில் பலர் எழுதியிருக்கிறார்கள். வீமன் செம்மணி வரை எங்களோடு வந்தான். மழையிலும் நெரிசலிலும் எங்கோ பிரிந்துவிட்டான். திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அம்மாவின் கையை விட முடியவில்லை. அடுத்த ஆண்டு வீடு திரும்பியபோது அவன் சோறு தின்னும் சிரட்டை மாமரத்தடியில் மழைநீர் நிறைந்து கிடந்தது. பள்ளிக்குப் போனேன். வகுப்பறை மூலையில் அலுமாரியும் இல்லை. அன்றுதான் அழுதேன்.

இதை எழுதக் காரணம் உண்டு. பள்ளி நூலகத்துக்கென்று நம் பழைய மாணவர் சங்கம் பணம் சேர்க்கும் போதெல்லாம், ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான பயிற்சிப் புத்தகங்களே பட்டியலை நிறைக்கின்றன. அவை தேவைதான். ஆனால் ஆண்டு மூன்று பிள்ளைக்குப் படப் புத்தகமும் வேண்டும், கட்டாயம் வேண்டும். தமிழிலேயே இன்று அழகானவை வருகின்றன. சென்னையின் தூலிகா பதிப்பகம் 1996 முதல் இதையே வேலையாகச் செய்கிறது. பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் கதைகளை இணையத்தில் இலவசமாகவே எடுத்து அச்சிடலாம்.

என் மகள் தன் கைச்செலவுப் பணத்தில் வாங்கிய இரண்டு புத்தகங்களோடு, பன்னிரண்டு படப் புத்தகங்களைப் பெட்டியில் கட்டி வைத்திருக்கிறேன். இரண்டில் நாய்க்குட்டி இருக்கிறது. இந்தக் கோடை விடுமுறையில் இங்கிருந்து ஊருக்குப் போகிறவர்கள் யாராவது தங்கள் பயணப் பெட்டியில் ஏழு கிலோ இடம் தந்தால், வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறேன்.