பெர்லினில் ஆன்மெல்டுங்: வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது

குடிவந்த முகவரியை அரசிடம் பதிவதுதான் ஆன்மெல்டுங். அதற்காக பியூர்கர்ஆம்ட் என்ற குடிமக்கள் சேவை அலுவலகத்தில் பதினான்கு பக்க வாடகை ஒப்பந்தத்தை நீட்டினேன். கவுண்டரில் இருந்தவர் புரட்டிக்கூடப் பார்க்காமல், "வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங் எங்கே?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் இல்லை. அத்தோடு டெர்மின் (முன்பதிவு செய்த சந்திப்பு நேரம்) முடிந்தது. அடுத்தது கிடைக்க மூன்று வாரம் ஆனது.

"இவர் இந்தத் தேதியில் இங்கே குடிவந்தார்" என்று வீட்டுக்காரர் எழுதிக் கையெழுத்திடும் ஒரு பக்கச் சான்றுதான் அது. 2015 நவம்பர் முதல் கட்டாயம். வீட்டு முகவரி, வீட்டுக்காரரின் பெயரும் முகவரியும், குடிவந்த தேதி, பதிய வேண்டிய எல்லாருடைய பெயரும் அதில் இருக்க வேண்டும். மனைவி, பிள்ளைகள் பெயர் விடுபட்டிருக்கிறதா என்று சாவி வாங்கும்போதே பாருங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட தேதியைச் சிலர் போட்டுவிடுகிறார்கள். தேவை குடிவந்த தேதி. குடிவருவதற்கு முன்னால் பதியவும் முடியாது. உள்வாடகையில் இருந்தால் உங்களுக்கு வாடகைக்கு விட்டவரே கையெழுத்திடலாம், ஆனால் உரிமையாளர் பெயரும் அதில் வேண்டும்.

"பதிவு செய்ய முடியாது" என்று விளம்பரத்திலேயே போட்டிருக்கும் அறையை எடுக்காதீர்கள். குடியிருக்காத முகவரியைக் காசுக்குத் தருகிறேன் என்பவரிடமும் போகாதீர்கள். அப்படி முகவரி தருவதற்கு 50,000 யூரோ வரை அபராதம் உண்டு.

குடிவந்து 14 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். பெர்லினில் அந்தக் கெடுவுக்குள் டெர்மின் கிடைப்பது அரிது. முன்பதிவு செய்த மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் முயன்றதற்கு அதுதான் சாட்சி. உங்கள் பேட்டை அலுவலகம்தான் என்றில்லை, நகரின் எந்த பியூர்கர்ஆம்ட்டிலும் பதியலாம். காலையில் திரும்பத் திரும்பத் தேடினால் யாராவது ரத்து செய்த இடம் அகப்படும்.

படிவத்தில் மதம் கேட்கும் கட்டத்தில் அவசரப்படாதீர்கள். கத்தோலிக்கர் என்று எழுதினால் வருமான வரியின் மேல் 9 சதவீதம் திருச்சபை வரி மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கப்படும் (பவேரியாவிலும் பாடன்-வுர்ட்டம்பர்க்கிலும் 8). தெரிந்தே கட்டுவது வேறு, சம்பளச் சீட்டைப் பார்த்துத் திகைப்பது வேறு.

மற்றபடி கவுண்டரில் பத்து நிமிட வேலைதான். பதிவுச் சான்றைக் கையிலேயே தந்துவிடுவார்கள்.

அடுத்த கண்டம் தபால்பெட்டி. இங்கே முகவரியில் கட்டட எண் இருக்கும், அதற்குள் உங்கள் ஃபிளாட்டின் எண்ணை எழுதும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. தபால்காரர் பெட்டியில் ஒட்டிய பெயரைப் பார்த்தே போடுவார். நம் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருப்பது பெரும்பாலும் அப்பா பெயர். கடிதமும் அப்பா பெயருக்கே வரும். பெட்டியில் உங்கள் பெயரை மட்டும் ஒட்டியிருந்தால் அது திரும்பிப் போய்விடும். பாஸ்போர்ட்டில் உள்ள இரண்டு பெயரையும் ஒட்டுங்கள், குடிவந்த அன்றே.

அப்படித் திரும்பிப் போகக்கூடிய கடிதங்களில் முக்கியமானது 11 இலக்க வரி எண். அது தபாலில்தான் வரும். தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ சொல்ல மாட்டார்கள். எண் இல்லாவிட்டால் சம்பளப் பிரிவு உங்களை 6ஆம் வரி வகுப்பில் போட்டுவிடலாம், தனியாள் என்றால் இருக்க வேண்டியது 1ஆம் வகுப்பு. முதல் சம்பளத்தில் பெரிய துண்டு விழும். ஆனால் தாமதம் உங்கள் தவறால் இல்லையென்றால், மூன்று மாதம் வரை உங்களுக்கு வரக்கூடும் என்று கணிக்கும் வகுப்பிலேயே வரி பிடிக்க நிறுவனத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு. முதல் சம்பளம் போடுவதற்கு முன்பே பதிவுச் சான்றை அனுப்பி, இதைக் குறிப்பிட்டு எழுதிக் கேளுங்கள். பிடித்துவிட்டாலும் பணம் போகாது: எண் வந்ததும் நிறுவனமே திருத்தும், இல்லையென்றால் ஆண்டு வரிக்கணக்கில் திரும்பக் கிடைக்கும்.