ராத்திரி வோல்டேஜில் வைத்த பயஸ்

டியூப் ஆம்ப் (வெற்றிடக் குழாய்களில் ஓடும் கிட்டார் ஆம்ப்ளிஃபயர்) வைத்திருக்கும் நண்பர்கள் பவர் டியூப் மாற்றியதும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை மில்லி ஆம்பியர் வைக்கணும்?" ஒரு நம்பரைச் சொன்னால் நிம்மதியாகப் போய்விடுவார்கள். நானோ, "பிளேட்டில் எத்தனை வோல்ட், எந்த நேரத்தில் அளந்தீங்க?" என்று திருப்பிக் கேட்டுக் கடுப்பேற்றுவேன். பிளேட் என்பது டியூபுக்குள் எலக்ட்ரான்கள் வந்து சேரும் உலோகத் தகடு.

என்னுடையது ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப், அமெரிக்க 120 வோல்ட் மாடல். சென்னையில் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் புண்ணியத்தில் ஓடுகிறது. உள்ளே 6வி6 என்ற பவர் டியூப் இரண்டு. கிட்டார் வாசிக்காதபோதும் அவற்றில் கொஞ்சம் கரண்ட் ஓடவேண்டும், சிக்னலில் நிற்கும் பைக்கின் ஐட்லிங் மாதிரி. அந்தக் கரண்டைச் சரியாக வைப்பதுதான் பயஸ் வைப்பது. அது எவ்வளவு என்பது கிரிட்டுக்கு (டியூபுக்குள் கரண்டைக் கட்டுப்படுத்தும் கம்பிவலை) போகும் நெகட்டிவ் வோல்டேஜின் கையில். நெகட்டிவ் கூடினால் கரண்ட் குறையும். ரொம்பக் குறைத்துவிட்டால் நோட்டு அடங்கும் இடத்தில் ஒரு வறட்டுக் கரகரப்பு கேட்கும். ரொம்பக் கூட்டினால் பிளேட் சிவந்து பழுக்கும். அறை விளக்கை அணைத்தால் கண்ணுக்கே தெரியும்.

ஆம்பைத் திறக்குமுன் ஒரு வார்த்தை. உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெபாசிட்டரில் அது தங்கும். ரெசிஸ்டர் வைத்து வடித்து, மீட்டர் பூஜ்யம் காட்டிய பிறகுதான் கை வைக்கவேண்டும். பயமாக இருந்தால் டெக்னீஷியனிடம் கொடுங்கள், அதில் வெட்கமில்லை. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஆம்பை ஓட்டவே கூடாது.

ஒவ்வொரு டியூபின் 8ஆம் பின்னுக்கும் (எலக்ட்ரான்கள் கிளம்பும் கேத்தோடு) கிரவுண்டுக்கும் நடுவே 1 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை சால்டர் செய்து வைத்திருக்கிறேன். அதன்மேல் 1 மில்லி வோல்ட் என்றால் 1 மில்லி ஆம்பியர், கணக்கே வேண்டாம். ஸ்கிரீன் என்னும் இன்னொரு உள்வலையின் கரண்டும் அதில் சேர்ந்தே வரும், பரவாயில்லை. புது டியூப் போட்டு நன்றாகச் சூடானதும் பார்த்தால் 31 மில்லி ஆம்பியர், பிளேட்டில் 412 வோல்ட். பெருக்கினால் 12.8 வாட். 6வி6இன் உச்சவரம்பு 14 வாட். உச்சவரம்பில் 70 சதவீதம் என்று எல்லோரும் சொல்லும் கணக்குப்படி 9.8. பயஸ் பாட் என்னும் திருகியை மெல்லத் திருகி 22 மில்லி ஆம்பியருக்கு இறக்கினேன். கரண்ட் குறைந்ததும் பிளேட் வோல்டேஜ் 421க்கு ஏறிவிட்டது! அதனால் இரண்டையும் மறுபடி அளந்து மறுபடி பெருக்கவேண்டும். 9.3 வாட். காதுக்கும் பிடித்தது, விட்டுவிட்டேன். அந்த 70ஐ நான் கூரையாகத்தான் பார்க்கிறேன். தொட்டே ஆகவேண்டும் என்று எந்த சட்டமும் இல்லை.

இப்போது நேர விவகாரம். மே மாதச் சாயங்காலம் எங்கள் தெருவில் 215 வோல்ட் தேறினால் அதிகம். மார்கழி ராத்திரி, ஏசி எதுவும் ஓடாதபோது, 245ஐத் தொடும். ஸ்டெப்-டவுன் அந்த ஏற்ற இறக்கத்தை அதே விகிதத்தில் உள்ளே அனுப்பும். கிரிட் நெகட்டிவும் கூடவே ஏறும்தான். இருந்தாலும் டியூபில் எரியும் வாட் கூடவே செய்யும். அதனால் வோல்டேஜ் உச்சத்தில் இருக்கும்போதுதான் பயஸ் வைக்கிறேன்.

இரண்டு டியூபுக்கும் 2, 3 மில்லி ஆம்பியர் வித்தியாசம் இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள். 10 இருந்தால், ஆம்பை அணைத்து ஆறவிட்டு டியூப்களை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் டியூபோடு போனால் ஜோடி சரியில்லை. அதே சாக்கெட்டில் நின்றால் டியூபைத் திட்டவேண்டாம், அந்தப் பக்கத்துக் கப்ளிங் கெபாசிட்டர் (சிக்னலை மட்டும் கிரிட்டுக்கு விட்டு, DC வோல்டேஜைத் தடுப்பது) கசிகிறதா என்று பாருங்கள்.