டர்பன் வெயிலில் குளிராத கார்

காரின் ஏசி நின்றுவிட்டால் கேஸ் நிரப்பிவிடலாம் என்று நினைப்பவர்கள் டர்பனில் எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஏராளம்; அண்டை வீட்டு அண்ணனும் அதையே கேட்டுக்கொண்டுதான் காரைக் கொண்டுவந்தார். காரின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஸ்கேனரோ பி0532 என்ற குறியீட்டைக் காட்டியது. அதாவது ஏசி வாயுவின் அழுத்தத்தை அளக்கும் சென்சாரின் சிக்னல் மிகக் குறைவாக இருப்பதாகக் கருதிய கார்க் கணினி, அந்த வாயுவை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரெசரை இயக்க மறுத்திருந்தது.

இன்ஜின் ஆறியிருந்தபோது, 27 பாகை வெப்பத்தில் அழுத்தமானி (கேஜ்) ஏறத்தாழ 6 பார் அழுத்தம் காட்டியது. இந்த ஏசியில் உள்ள ஆர்134ஏ வாயுவுக்கு அது இயல்பான அளவே; கேஸ் முழுமையாக உள்ளது என்பதற்கு இது சான்றாகாது, ஆனால் காலியாகவில்லை என்பதற்குச் சான்றாகும்.

இந்த சென்சாருக்கு மூன்று கம்பிகள். சாவியைத் திருப்பி, இணைப்பைக் கழற்றாமலேயே பின்புறமாக மல்ட்டிமீட்டரை வைத்து அளந்ததில், 5 வோல்ட் வழங்கலும் எர்த்தும் சரியாக இருந்தன. சிக்னல் கம்பியில் சென்சார் முனையில் ஒரு வோல்ட்டுக்கு மேல் இருக்க, அதே கம்பியின் கணினி முனையில் ஏறக்குறைய எதுவுமே இல்லை. ஆகவே சென்சார் குற்றவாளியன்று. பம்பருக்குப் பின்னால், உப்புக்காற்று படும் இடத்தில் யாரோ முன்பு முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு பச்சை பூத்து அற்றுப்போயிருந்தது. புதுக் கம்பி வைத்து, சால்டர் செய்து, சுருங்கும் உறை போட்டபின் ஸ்கேனரின் அழுத்தமும் கேஜின் அழுத்தமும் ஒத்துப்போயின. சென்சாரை ஒதுக்கிவிட்டு கம்ப்ரெசருக்கு நேரடியாக மின்சாரம் கொடுக்கும் குறுக்குவழியை நான் யாருக்கும் செய்து கொடுப்பதில்லை. அழுத்தம் எல்லை மீறினாலும் அதன்பின் கணினியால் கம்ப்ரெசரை நிறுத்த முடியாது.