சூடானால் மட்டும் இடப்பக்கம் இழுக்கும் வண்டி

நேர் சாலையில் ஸ்டீயரிங் பிடியை லேசாகத் தளர்த்தினால் வண்டி இடப்பக்கம் போகிறது. இதை யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் பதில், "அலைன்மென்ட் பாருங்க", அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம் சரியா என்று பார்க்கச் சொல்வார்கள். பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் என் வண்டி எடுத்த எடுப்பில் நேராகத்தான் ஓடும். கொஞ்ச நேரம் ஓடிய பிறகுதான் இழுப்பு ஆரம்பிக்கும், போகப்போகக் கூடும். வண்டி சூடேறியதால் சக்கரத்தின் கோணம் மாறிவிடப் போவதில்லை. எனவே அலைன்மென்ட்டைத் தள்ளி வைத்துவிட்டு, ஒவ்வொரு காரணமாகக் கழித்துக்கொண்டே போகலாம் என்று இறங்கினேன்.

முதலில் காற்று. முன் டயர்களில் ஒன்றில் காற்று குறைந்தால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது, ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு நான்கையும் சரிசெய்தேன். (டயர் மேலேயே அச்சடித்திருப்பது அது தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்துக் காற்றடிக்கக் கூடாது.) இழுப்பு அப்படியே இருந்தது.

அப்புறம் சாலை. தண்ணீர் வடிய வேண்டும் என்பதற்காகச் சாலையை ஓரத்தை நோக்கிச் சரிவாகவே போடுகிறார்கள், பெரும்பாலும் 2 சதவீதம் அளவுக்கு. அந்தச் சரிவில் எந்த நல்ல வண்டியும் கொஞ்சம் ஓரம் கட்டத்தான் செய்யும். அதனால் சமதளமான, ஆளில்லாத ஓர் இடத்தில் போகும்போதும் வரும்போதும் பார்த்தேன். இரண்டு திசையிலும் வண்டியின் இடப்பக்கமே இழுத்தது. சாலை மேல் பழி போட முடியாது.

அடுத்தது டயர். ரேடியல் டயருக்குள் இருக்கும் எஃகுப் பட்டை மயிரிழை நகர்ந்திருந்தாலும், தரையில் உருட்டிவிட்ட ஐஸ்கிரீம் கோன் மாதிரி அது ஒரு பக்கமாகவே சுற்றப் பார்க்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட வேண்டியதுதான். இழுப்பு எதிர்ப்பக்கம் மாறினால் டயர்தான் காரணம். டயரில் சுழலும் திசைக்கான அம்புக்குறி இருந்தால் இப்படி மாற்றக் கூடாது, அதே பக்கத்தில் முன்னையும் பின்னையும் மாற்றிப் பார்க்கலாம். என் டயரில் அம்புக்குறி இல்லை. மாற்றியும் இழுப்பு இடம் மாறவில்லை.

மிச்சம் பிரேக். ஒரு சங்கதி ஏற்கெனவே உறுத்திக்கொண்டிருந்தது: சும்மா ஓடும்போது இடப்பக்கம் இழுக்கிற வண்டி, பிரேக்கை அழுத்தி மிதித்தால் வலப்பக்கம் லேசாகத் திரும்பியது. இடது பிரேக் விடவேண்டிய நேரத்தில் விடாமல், பிடிக்கவேண்டிய நேரத்தில் முழுசாகப் பிடிக்காமல் இருந்தால் இப்படித்தான் ஆகும். ஓட்டிவிட்டு, கடைசியில் பிரேக்கை அதிகம் தொடாமல் வேகம் குறைத்து நிறுத்தி, தொடாமல் வெப்பம் காட்டும் கருவியால் டிஸ்க்குகளை (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டுகளை) பார்த்தேன். வலது 50 டிகிரி சுற்றி, இடது 120-ஐத் தாண்டி. கருவி இல்லாதவர்கள் புறங்கையைச் சக்கரத்துக்கு அருகில் கொண்டுபோனாலே வித்தியாசம் தெரியும். டிஸ்க்கைத் தொட மட்டும் வேண்டாம்.

சூடு ஆறுவதற்குள் ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் இறக்கி (ஜாக்கியை மட்டும் நம்பிக் கை வைக்கிற வேலை இல்லை இது), சக்கரத்தைக் கையால் சுற்றினேன். கரகரவென்று உரசிக்கொண்டு கால் சுற்றோடு நின்றது. இங்கே இரண்டு சாத்தியம் உண்டு. பிரேக் ஹோஸ் (ஆயில் வரும் ரப்பர் குழாய்) உள்ளுக்குள் உப்பி ஆயிலைத் திரும்ப விடாமல் பிடித்துவைத்திருக்கலாம். அல்லது டிஸ்க்கை இரண்டு பக்கமும் பேடு என்ற உராய்வுக் கட்டைகளால் கவ்விப் பிடிக்கும் காலிபரே சிக்கியிருக்கலாம். காலிபரில் ஆயிலை வெளியே விடுவதற்கு இருக்கும் பிளீடர் திருகைக் கொஞ்சம் தளர்த்தினால் தெரிந்துவிடும். சக்கரம் உடனே இலகுவானால் ஹோஸ் பக்கம் தேட வேண்டும். எனக்குச் சில சொட்டு ஆயில்தான் வந்தது, சக்கரம் அதே இறுக்கம். அப்படியென்றால் காலிபர்தான். பிரேக் ஆயில் பெயின்ட்டை அரித்துவிடும், சிந்தியதை உடனே துடைத்துவிடுவது நல்லது.

காலிபரைக் கழற்றி, ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவைத்தேன். காலிபர் இரண்டு பின்கள் (உலோகத் தண்டுகள்) மேல் வழுக்கி நகர வேண்டும். மேல் பின் விரலால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு போனது. கீழ் பின் அசையவே இல்லை. ரப்பர் உறையில் ஒரு சின்னக் கிழிசல், அதன் வழியாகத் தண்ணீர் போய் உள்ளே துரு. பிரேக் விட்ட பிறகும் காலிபர் பின்வாங்க முடியாததால் வெளிப் பேடு டிஸ்க்கை விடாமல் உரசியிருக்கிறது. உரச உரசச் சூடு, சூட்டில் எல்லாம் விரிந்து இன்னும் இறுக்கம். வெளிப் பேடின் ஒரு முனை மற்ற முனையைவிடப் பாதிக்கு மேல் தேய்ந்து சரிவாக நின்றது.

ஸ்பானர் போட்டு இடமும் வலமுமாகத் திருப்பித் திருப்பித்தான் பின் வெளியே வந்தது. மேலெல்லாம் குழிக்குழியாக அரித்திருந்ததால் புதுப் பின், புது ரப்பர் உறை. துளையைச் சுத்தமாகத் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸை மெல்லிசாகப் பூசினேன். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்ப வைத்துவிடும். அள்ளி அப்பினாலும் காற்றும் கிரீஸும் உள்ளே அடைபட்டுப் பின் முழுசாக இறங்காது. மேல், கீழ் பின்கள் பல வண்டிகளில் வேறு வேறாக இருக்கும், இடம் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பேடு இரண்டு பக்கமும் புதிது; ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் இன்னொரு இழுப்பை நாமே செய்துவைத்த மாதிரி. பிளீடரைத் திறந்ததால் உள்ளே புகுந்திருக்கக்கூடிய காற்றை வெளியேற்றி, ஆயில் அளவைச் சரிசெய்து, பெடல் கெட்டியாகும் வரை மிதித்த பிறகே வண்டியை நகர்த்தினேன்.

இப்போது நன்றாகச் சூடேறிய பிறகும் நேராகப் போகிறது, இரண்டு டிஸ்க்கும் ஏறக்குறைய ஒரே வெப்பம். ஸ்டீயரிங் மட்டும் நடுவிலிருந்து ஒரு துளி சாய்ந்து நிற்கிறது. அது டோ (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் கோணம்) சமாச்சாரம், அதற்குத்தான் அலைன்மென்ட் கடை. வலது காலிபரின் உறைகளிலும் வெடிப்பு விட ஆரம்பித்திருப்பதால், அதையும் மாற்றிவிட்டுப் போகலாம் என்று இருக்கிறேன்.