மூடியைத் திறந்தால் ஓடும் வண்டி

காரவள்ளியில் மலை ஏறத் தொடங்கும்போதே நண்பனிடம் சொல்லிவிட்டேன். "மாப்ள, என் வண்டி நின்னா நீ பாட்டுக்குப் போயிட்டே இரு, மேல பாத்துக்கலாம்." அவன் சிரித்தான். அவனுடையது போன வருடம் வாங்கிய எஃப்ஐ வண்டி, பெட்ரோலை அளந்து விடுவதைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். கோளாறு வந்தால் மீட்டரில் விளக்கு எரியும். என்னுடையது 1994 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100, பழைய டூ ஸ்ட்ரோக் பைக். கோளாறு வந்தால் எனக்குத்தான் வியர்க்கும்.

கொல்லிமலைக்கு நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகப் போனோம். அடிவாரம் வரை வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. அதற்கு மேல் 70 கொண்டை ஊசி வளைவுகள். 23-வது வளைவில் அடங்கிவிட்டது.

அணைந்தது என்று எழுதாமல் அடங்கியது என்று எழுதக் காரணம் உண்டு. ஸ்பார்க் போனால் சுவிட்சைத் தட்டியதுபோலப் பட்டென்று நிற்கும். இது அப்படி இல்லை. முதலில் இழுவை குறைந்தது. முறுக்க முறுக்க இன்னும் திணறியது. ஆக்ஸிலேட்டரைக் குறைத்தால் நாலு அடி ஓடியது, அப்புறம் மறுபடி மூச்சு முட்டியது. கடைசி நேரத்தில், என்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கை இழுத்தேன், ஒரு நொடி உயிர் வந்தது. சோக் போட்டால் தேறுகிறது என்றால் பெட்ரோல்தான் போதவில்லை.

டூ ஸ்ட்ரோக்கில் இதை அலட்சியப்படுத்த முடியாது. பெட்ரோலோடு சேர்ந்து போகும் ஆயில்தான் பிஸ்டனை வழுக்க வைக்கும். என் வண்டியில் ஆயில் பம்ப்பை முந்தைய ஓனர் கழற்றி எறிந்துவிட்டார். லிட்டருக்கு 30 மில்லி 2டி ஆயிலை நானே பெட்ரோலில் கலக்கிறேன். அதனால் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். அந்த நிலையில் முறுக்கிக்கொண்டே ஏறினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

மலைப்பாதையில் வண்டியை நிறுத்தினால் ஆலோசனைக்குப் பஞ்சமே இல்லை. டிவிஎஸ் எக்ஸெல்லில் அன்னாசி மூட்டையோடு இறங்கி வந்தவர், "பிளக்குதானுங்க தம்பி, கழட்டித் தொடைங்க" என்றார். காரில் வந்த ஒருவர் கண்ணாடியை இறக்கி, "ஏர் லாக்" என்று இரண்டே வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். நண்பன் தன் பங்குக்கு, "கார்பரேட்டர் மாப்ள" என்றான்.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் அந்தக் கார்பரேட்டர் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஊரில் அதை மூன்று தடவை கழுவியாயிற்று, அதற்குள் பெட்ரோலை அளந்து விடும் பித்தளை ஜெட்டை மாற்றியாயிற்று, புது பிளக் போட்டாயிற்று. ஒவ்வொரு முறையும் இரண்டு தெரு ஓட்டிப் பார்த்துவிட்டு, சரியாகிவிட்டது என்று வண்டியைக் கொடுத்தார்கள். தெருவில் ஓட்ட இந்த வண்டிக்கு எவ்வளவு பெட்ரோல் வேண்டும்? சொட்டுச் சொட்டாக வந்தாலே போதும். இரண்டாவது கியரில் முழுசாக முறுக்கி மேடு ஏறும்போதுதான் அதன் தாகம் தெரியும்.

இந்தத் தடவை பெட்ரோல் போகும் வழியிலேயே நானும் போய்ப் பார்ப்பது என்று உட்கார்ந்தேன். என்ஜின் ஆறும்வரை பொறுத்து, கார்பரேட்டருக்கு அடியில் இருக்கும் ட்ரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தினேன். நாலு சொட்டு விழுந்து நின்றது. மேலே டேங்க் கிட்டத்தட்ட ஃபுல். அடுத்து டியூபை கார்பரேட்டரிலிருந்து உருவித் தண்ணீர் பாட்டிலில் விட்டேன். டேங்குக்கு அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் காக் திறந்திருந்தும் விட்டு விட்டுச் சொட்டியது. ரிசர்வுக்குத் திருப்பினேன், அப்போதும் அதே கதைதான்.

அப்புறம் டேங்க் மூடியைத் திறந்தேன். 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம், காற்று உள்ளே இழுத்தது. அதே நொடி பாட்டிலில் பெட்ரோல் குழாய் போலக் கொட்டியது.

மூடியை மூடினேன். கால் பாட்டில் நிறைவதற்குள் கொட்டுவது நூலாகி, நூல் சொட்டாகிவிட்டது. திறந்தேன், மறுபடி கொட்டியது. நண்பன் குனிந்து பார்த்து, "இவ்வளவுதானா!" என்றான். இவ்வளவுக்குத்தான் மூன்று மாதம் கைக்காசு கரைந்திருக்கிறது.

பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்காக மூடியில் பொடி ஓட்டை ஒன்று இருக்கும். சாவியைத் தொலைத்துவிட்டு நான் வாங்கிப் போட்ட டூப்ளிகேட் மூடியில், உள்ளே இருந்த ரப்பர் வாஷர் அந்த ஓட்டையின் மேல் பாதி ஏறி உட்கார்ந்திருந்தது. பிளெயின் ரோட்டுக்கு அந்தப் பாதிக் காற்று போதும், மேட்டுக்குப் போதாது. ஃபுல் டேங்க் அடித்த நாட்களில்தான் சீக்கிரம் நிற்கிறது என்று நான் புலம்பிக்கொண்டிருந்ததற்கும் அப்போதுதான் விடை கிடைத்தது. டேங்க் நிறைய இருந்தால் உள்ளே காற்றுக்கு இடம் கொஞ்சம்தான். கொஞ்சம் பெட்ரோல் இறங்கினாலே உள்ளே இழுவை பிடித்துவிடும்.

பையில் கிடந்த பழைய கிளட்ச் கேபிளிலிருந்து ஒரு இழையைப் பிரித்து ஓட்டையைக் குத்திவிட்டு, வாஷரைப் பிளேடால் செதுக்கினேன். (மூடிக்குக் கம்பி விடலாம். ஜெட்டுக்கு ஒருபோதும் விடாதீர்கள். பித்தளை தேய்ந்து ஓட்டை பெரிதாகிவிடும்.) முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆனது. அதன் பிறகு ஏறிய ஏற்றம் இருக்கிறதே! 98 சிசி என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள்.

61-வது வளைவில் மறுபடியும் அடங்கியது.

நண்பன் இந்த முறை எதுவும் சொல்லவில்லை, பாறையில் உட்கார்ந்து கடலை தின்றான். மூடியைத் திறந்தேன், சத்தமில்லை. டியூபைப் பிடுங்கினேன். மூடி திறந்திருந்தும் நூல் மாதிரிதான் வந்தது. 23-வது வளைவில் முதலில் கொட்டி, அப்புறம்தான் நூலானது. இங்கே எடுத்த எடுப்பிலேயே நூல். காற்று தடைபட்டால் அப்படி, வழி அடைத்தால் இப்படி. அப்போதுதான் காக் லீவரைப் பார்த்தேன். கீழே சோதனைக்காக ரிசர்வுக்குத் திருப்பியவன் திரும்ப மாற்றவே இல்லை. ரிசர்வில் வைத்தால், டேங்கின் அடியில் கிடக்கும் பெட்ரோலைத்தான் இழுக்கும். அடியில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டு மழைக்காலம் அரை டேங்க் பெட்ரோலோடு வண்டியைத் தாழ்வாரத்தில் நிறுத்தி வைத்தவன் நான்தான். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் வேறு கலந்திருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். பழைய இரும்பு டேங்குக்கு இது ஆகாது.

மெயினுக்குத் திருப்பியதும் ஓரளவு வந்தது. அதை வைத்து உருட்டாத குறையாக மலை மேல் இருக்கும் சோளக்காடு போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு மெக்கானிக் அண்ணன் பிளாஸ்டிக் கேனும் ஸ்பேனரும் கொடுத்தார். "நீங்களே பண்ணுங்க, நான் சாப்ட்டு வந்தர்றேன்" என்று போய்விட்டார். பீடியோடு வேடிக்கை பார்க்க வந்த பெரியவரை மட்டும், "ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று கெஞ்ச வேண்டியிருந்தது. டேங்கைக் காலி செய்து காக்கைக் கழற்றினால், அதன் ஃபில்டர் வலை முழுக்கச் செம்பழுப்புச் சேறு. ரசத்தின் அடிமண்டியைக் கரண்டியில் எடுத்தது போல இருந்தது. விரலில் தேய்த்தால் நறநறத்தது. வலையை பிரஷ்ஷால் கழுவி, கொஞ்சம் பெட்ரோல் விட்டு டேங்கைக் குலுக்கிக் குலுக்கி நாலு முறை கொட்டினோம். நாலாவது தடவையும் சிவப்பாகத்தான் வந்தது. டியூபில் பத்து இருபது ரூபாய் ஃபில்டர் ஒன்றைச் செருகிக்கொண்டு கிளம்பினோம். டேங்கை முறையாகத் துரு எடுக்க வேண்டும், அது ஊருக்கு வந்து செய்ய வேண்டிய வேலை.

செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை பார்த்தோம். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரம் படிக்கு மேல் இறங்கி ஏறினோம். முழங்கால்தான் திணறியது.

மறுநாள் இறங்கும்போது வேறு ஒரு கவனம் வேண்டியிருந்தது. இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை மூடியே வைத்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகாது, அதோடு கலந்த ஆயிலும் அதிகம் போகாது, என்ஜின் மட்டும் வேகமாகச் சுற்றும். அதனால் இரண்டு மூன்று வளைவுக்கு ஒருமுறை கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்கு. பின்னால் வந்த நண்பன் ஹாரன் அடித்தான். "மாப்ள, ஒரே பொகை. என்னை முன்னாடி விடு." விட்டேன்.

காரவள்ளியில் டீ சொல்லிவிட்டு, டேங்க் மூடியில் காதை வைத்து மெதுவாகத் திறந்தேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.