ஒன்றாம் வகுப்பிலிருந்து நேரே மணமேடைக்கு

அக்கா மகளின் கல்யாணம் நெருங்கிவிட்டது. பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது, சமையல்காரருக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, மண்டபத்துக்காரரோடு ஏசிக்குத் தனிக் கட்டணமா என்ற சண்டைகூட நல்லபடியாக முடிந்துவிட்டது. மிச்சமிருந்தது ஒரே ஒரு வேலைதான். வரவேற்பன்று மேடைக்குப் பக்கத்துத் திரையில் ஓடவிட, மணப்பெண்ணின் தொட்டில் காலம் தொடங்கிய படங்கள் வேண்டுமாம். பாதி ஆயுளைக் கழுத்தில் கேமராவோடு கழித்த தாய்மாமன் இருக்கும்போது இதெல்லாம் ஒரு வேலையா என்று அக்கா அதை என் தலையில் கட்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அத்தான் வீட்டு டிவியில் வெள்ளோட்டம் பார்த்தோம். குழந்தை தொட்டிலில் கிடந்தாள், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அழுதாள், எல்கேஜி சீருடையில் முறைத்தாள், ஆறு வயதில் முன்பல் விழுந்த வாயோடு சிரித்தாள். அடுத்த படத்தில் நிச்சயதார்த்தப் பட்டுப்புடவையில் நின்றாள். அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவளே கேட்டாள்: "மாமா, ஒண்ணாங்கிளாஸ் முடிச்ச கையோட நேரா கல்யாணமா?" மாப்பிள்ளை வீட்டு வக்கீல் பெரியப்பா இதைப் பார்த்தால் குழந்தைத் திருமணம் என்று கேஸ் போட்டுவிடுவார் என்றார் அத்தான்.

நடுவிலுள்ள இருபது வருடத்துப் படங்கள் இல்லாமல் இல்லை. ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, பத்திரமாகவும் இருக்கின்றன. எங்கே இருக்கின்றன என்ற ஒரு சிறு விவரத்துக்காக எல்லோரும் என்னைக் குற்றவாளியைப் போலப் பார்ப்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

1998 முதல் 2004 வரையிலான படங்களை எடுத்தது யாஷிகா எலெக்ட்ரோ 35 என்ற என் பிலிம் கேமரா. ஒரு ரோலுக்கு 36 படம். முனையை வீணாக்காமல் மாட்டத் தெரிந்தவனுக்கு 37 கிடைக்கும், கிரகம் கூடி வந்தால் 38. தீபாவளிக்கு மாட்டிய ரோல் பொங்கல் வரை ஓடும். நாலு படம் மிச்சமிருக்கும்போது பிலிமைக் கழுவக் கொடுப்பது எங்கள் வீட்டில் மீந்த சோற்றைக் குப்பையில் கொட்டுவதற்குச் சமம் என்பதால், அந்த நாலையும் தீர்க்க மொட்டைமாடிக் கொடிக்கயிற்றையும் எதிர்வீட்டுப் பூனையையும் எடுத்துவிட்டுத்தான் ஸ்டூடியோவுக்கு நடப்பேன். ஸ்டூடியோக்காரர் நெகட்டிவை நான்கு நான்காக வெட்டி உறையிலிட்டு, மேலே பேனாவால் பெயரும் தேதியும் எழுதித் தருவார். அந்த உறைகள் அத்தனையும் அம்மாவின் பிஸ்கட் டப்பாவில் அன்று வைத்த வரிசையிலேயே இருந்தன. டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்தால் மூன்று வயதுக் குழந்தைக்கு முடி நரைத்துப் பல் கறுத்திருக்கும், ஆனாலும் எது காதுகுத்து, எது பழனி என்று ஒரு பார்வையில் சொல்லிவிடலாம். காதுகுத்துப் படம் என்று சொன்னேன் அல்லவா, அதில் தாய்மாமன் மடியில் அவள் வீறிடுகிறாள், ஆசாரியின் கை தெரிகிறது, மாமனின் வேட்டிக்கரை துல்லியமாகத் தெரிகிறது, கழுத்துக்கு மேலே மாமன் இல்லை. அன்று கேமராவைப் பிடித்தது அத்தான்.

சிக்கனத்துக்கு வேறு வழிகளும் இருந்தன. என்னையும் ஒரு படம் எடு என்று நச்சரிப்பவர்களுக்காகக் கல்யாண போட்டோகிராபர்கள் கைவசம் வைத்திருந்த 'வெறும் பிளாஷ்' வித்தையை நானும் கற்றிருந்தேன். பிளாஷின் பின்புறமுள்ள டெஸ்ட் பொத்தானை மட்டும் அழுத்தினால் வெளிச்சம் பளீரென்று அடிக்கும், பிலிம் ஓர் அங்குலமும் நகராது. 2001இல் ஒரு புதுமனைப் புகுவிழாவில் சித்தப்பா சஃபாரி சூட்டும் கூலிங் கிளாசுமாகத் தூணில் சாய்ந்தும் சாயாமலும் பல கோணங்களில் நின்றார். நானும் சளைக்காமல் வெளிச்சம் அடித்தேன். அந்தப் படங்களெல்லாம் எப்போது வரும் என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பிறகு ஆறு மெகாபிக்சல் டிஜிட்டல் கேமரா வாங்கினேன். முதல் விசேஷத்திலேயே அது எங்கள் வேட்டிகளோடு மோதியது. கலர் நெகட்டிவில் வெளிச்சம் இரண்டு ஸ்டாப், அதாவது நாலு மடங்கு, கூடிப்போனாலும் பிரிண்டில் வேட்டியின் மடிப்புகளை மீட்டுவிடலாம். டிஜிட்டலில் உச்சி வெயிலில் நின்ற மாமன் மச்சான்களுக்கு இடுப்புக்குக் கீழே வெறும் வெள்ளைப் பரப்புதான் மிஞ்சியது. வெளிச்சத்தைக் குறைத்து எடுத்துப் பின்னால் ஏற்றிக்கொள்ளப் பழகுவதற்குள் இரண்டு கல்யாணமும் ஒரு வளைகாப்பும் முடிந்துவிட்டன. வெறும் பிளாஷுக்கும் அன்றோடு வேலை போயிற்று. எடுத்த மறுகணமே "எங்கே, காட்டு" என்று முதுகுப் பக்கத்துத் திரைக்குக் கூட்டம் கூடும்போது யாரை ஏமாற்ற முடியும்?

1975இல் கோடாக்கின் ஆய்வகத்தில் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்த ஸ்டீவன் சாஸன் நிதானமான மனிதர். ஒரு படத்தைக் கேசட்டில் பதிய அதற்கு 23 விநாடி பிடித்தது. கேசட்டுக்கு 30 படம் என்று அவர் அளவு வைத்தார், பிலிம் ரோலின் 24க்கும் 36க்கும் நடுவே இருக்கட்டும் என்று. அந்த 30ஐ யாரும் தொடாமல் விட்டிருந்தால் என் மருமகள் ஏழாம் வகுப்பாவது படித்திருப்பாள்.

இப்போது நிலைமை என்னவென்றால், கேமராக்கள் பின்பற்றுகிற டிசிஎஃப் என்ற கோப்பு விதிப்படி படத்தின் பெயரில் எண்ணுக்கு நான்கே இடம். 9999ஐத் தொட்டதும் மறுபடி 0001. அதனால் 0417 என்று தேடினால் பள்ளி ஆண்டுவிழா நடனம், அக்காவின் வாஷிங் மிஷின் கேரண்டி அட்டை, யாரோ ஒருவரின் முழங்கை ஆகிய மூன்றும் வருகின்றன. தேதியை வைத்துத் தேடலாம் என்றால், பேட்டரி தீரும்போதெல்லாம் கேமரா தன் நாட்காட்டியைப் பிறந்த நாளுக்குத் திருப்பிவிட்டதால், எங்கள் குடும்பத்தின் பாதி விசேஷங்கள் ஜனவரி 1ஆம் தேதி நடந்திருக்கின்றன. முதல் சில வருடங்கள் சிடியில் இருக்கின்றன, சிடியை நுழைக்க இன்றைய மடிக்கணினியில் வாய் இல்லை. அதற்கடுத்தவை ஒரு ஹார்டு டிஸ்கில். அதைச் சொருகினால் பல்லிபோல 'டிக் டிக்' என்கிறது, அம்மா உடனே "சத்தியம்" என்கிறாள்.

திறக்க முடிந்த மற்ற ஹார்டு டிஸ்குகளில் கிடைத்தவை பெரும்பாலும் வண்டியூர் கண்மாய் மீன்கொத்தி. விநாடிக்கு மூன்று படம் என்ற வேகத்தில் அது உட்கார்ந்தது, திரும்பியது, மறுபடி உட்கார்ந்தது. "அந்த மீன்கொத்திக்குக் கல்யாணம்னா குஞ்சா இருந்தது முதல் எல்லாப் படமும் ரெடி" என்றாள் என் மனைவி. பேச்சு அத்தோடு முடிந்திருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். கடைசியில் இடைவெளியை அடைக்க, பள்ளி குரூப் போட்டோவையும் ஹால் டிக்கெட் பாஸ்போர்ட் சைஸையும் வைத்து ஒப்பேற்றினார்கள். இருபது வருடக் கலை வாழ்க்கைக்கு ஹால் டிக்கெட் போட்டோகிராபர் மானம் காத்திருக்கிறார்.

எல்லோரும் கிளம்பும்போது மணப்பெண் ஒரு நிபந்தனை போட்டாள். மாமா கல்யாணத்தன்று கேமரா கொண்டு வரலாம், ஆனால் அந்தப் பழைய யாஷிகாதான், ஒரே ரோல்தான். அன்றிரவே அதை எடுத்துத் துடைத்தேன். அதற்குரிய 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது வருவதில்லை என்றாலும், 6 வோல்ட் அல்கலைன் ஒன்றைச் சுருள்கம்பியோடு திணித்தால் வேலை செய்கிறது. 36க்கும் ஒரு பங்கீட்டுப் பட்டியல் எழுதிவிட்டேன். மாலை மாற்றலுக்கு மூன்று, தாலிக்கு நாலு, அக்கா அழுவதற்கு இரண்டு, அத்தான் அழாததுபோல் நடிப்பதற்கு ஒன்று. சித்தப்பாவுக்கு இரண்டு எழுதினேன், அவர் நிற்கும் அழகுக்கு அது போதாது என்று தோன்றியதால் பந்தியில் ஒன்றைக் குறைத்து மூன்றாக்கியிருக்கிறேன்.