நோயாளிகள் தாங்களாகவே எடுத்துப் படிக்க எழுதியது

நான் வேலை பார்க்கும் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வழவழ தாளில் அச்சடித்த கையேடுகள் எப்போதும் அடுக்கியிருக்கும். வாங்கிய விருதுகள், புது இயந்திரங்கள், சிரித்த முகத்துடன் மருத்துவர்கள். காத்திருப்பவர்கள் விசிறிக்கொள்ளத்தான் அதை எடுப்பார்கள். ஜனங்கள் படிக்கிற மாதிரி எழுதித் தாருங்கள் என்று அந்த வேலை என்னிடம் வந்தது.

தலைப்பு தேடி நான் முதலில் போனது தொலைபேசி எடுக்கும் பெண்களிடம். வருகிற கேள்விகளைக் கேட்டவர் வார்த்தையிலேயே ஒரு நோட்டில் குறிக்கச் சொன்னேன். எங்கள் சிறப்புப் பிரிவுகளைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. "நாளைக்கு ஆபரேஷன், தண்ணி குடிக்கலாமா?", "காலையில பிரஷர் மாத்திரை போடலாமா?", "தையல்ல தண்ணி பட்டா என்ன ஆகும்?" என்று பக்கம் பக்கமாக இதுதான்.

தண்ணீர்க் கேள்வியையே முதலில் எடுத்துக்கொண்டேன். பொதுவான விதி இது: பெரியவர்களுக்கு லேசான சாப்பாடு, பால் இரண்டும் மயக்க மருந்துக்கு 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தப்பட வேண்டும், எண்ணெயில் பொரித்தது, இறைச்சி என்றால் இன்னும் முன்பாகவே. வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். மயக்கத்தில் இருமல் அடங்கிவிடும் என்பதால், வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகக்கூடும். மயக்க மருத்துவர் இந்தக் காரணத்தைத் தாளிலிருந்து நீக்கச் சொன்னார், படித்தால் பயப்படுவார்களாம். காரணம் தெரியாதவர்தான் யாருக்கும் தெரியாமல் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வருவார் என்று நான் விடவில்லை. ஆனால் அவர் சொன்ன இன்னொன்று நியாயம். நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகள் சிலருக்கு வயிறு மெதுவாகத்தான் காலியாகும். எல்லோருக்கும் ஒரே நேரக்கணக்கு ஒத்துவராது. "உங்கள் மருத்துவர் வேறு நேரம் சொல்லியிருந்தால் அதுவே சரி" என்ற வரி அப்படித்தான் உச்சியில் ஏறியது. மாத்திரைக்கும் அதே கதைதான். எதைப் போடலாம், எதை நிறுத்தலாம் என்று ஆளுக்கு ஆள் மாறும், முந்தின நாளே கேட்டுவிடுங்கள் என்று மட்டும் எழுதினோம்.

அச்சுக்கு முன் காத்திருப்பவர்களிடம் கொடுத்துப் படித்ததைத் திருப்பிச் சொல்லச் சொன்னோம். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், அதில் பிரயோஜனமில்லை. ஒரு பெரியவர், "அப்போ காபி குடிச்சிட்டு வரலாம், அதுவும் தண்ணி மாதிரிதானே" என்றார். பால் கலந்த காபியும் டீயும் தனி வரியில், தடித்த எழுத்தில் போயின.

தாளின் அடியில் சரிபார்த்த மருத்துவரின் பெயரும் தேதியும் இருக்கும். குணமானவர்களின் கதையும் வேண்டும் என்றது நிர்வாகம். எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் முடியாது என்று சொல்லிவிட்டேன். பெயரை மறைத்தாலும் நோய், வயது, வேலையை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்போது செவிலியர்களே முந்தின நாள் மாலை அந்தத் தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். எங்களிடம் வராதவர்கள்கூட அதைப் பார்த்துவிட்டுச் சந்தேகம் கேட்டு அழைக்கிறார்கள். புது எம்.ஆர்.ஐ. இயந்திரத்தைப் பற்றி எழுதச் சொல்லி நிர்வாகம் இன்னும் நச்சரிக்கிறது. சரி, எழுதுகிறேன் என்றிருக்கிறேன்: உள்ளே எவ்வளவு சத்தம் இருக்கும், எதையெல்லாம் கழற்ற வேண்டும், பேஸ்மேக்கர் வைத்தவர் யாரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், குழாய்க்குள் படுக்கப் பயமாக இருந்தால் என்ன செய்யலாம். இயந்திரத்தின் பெயர் கடைசி வரியில் வரும்.